ட்ரைசூட் சாக்ஸுக்கு மேல் எந்தக் காலணி? கேப் கடலில் இறங்குபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல வருடம் வெட்சூட்டில் (தண்ணீர் உள்ளே புகும், நியோப்ரீன் என்ற நுரை ரப்பரால் ஆன உடை) ஸ்கூபா டைவ் செய்த ஒருவர் வேலை மாறிக் கேப் டவுனுக்கு வந்திருக்கிறார். அவர் மனைவியும் டைவ் செய்பவர். இங்குள்ள தண்ணீரின் குளிரைப் பார்த்துவிட்டு இருவரும் ட்ரைசூட், அதாவது தண்ணீர் உள்ளே புகாத டைவ் உடை, வாங்கிவிட்டார்கள். இரண்டுமே பூட்ஸ் ஒட்டி வராமல், பாதத்தில் மெல்லிய சாக்ஸ் மட்டும் வைத்துத் தைத்த சூட். அவர் கேட்பது: "அண்ணா, சாக்ஸுக்கு மேல் என்ன போடுவது? ராக் பூட்ஸ் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. என்னிடம் இருக்கும் பழைய பூட்டி போதாதா? சிலர் சாதாரணத் தக்கீஸ் போட்டு இறங்குகிறார்களே, அது சரியா? எனக்கு 8-ஆம் நம்பர் கால், அவளுக்கு 4." ராக் பூட்ஸ் என்பது சூட் சாக்ஸுக்கு மேல் போடும், கெட்டி அடிப்பாகம் உள்ள, கயிறு கட்டும் பூட்ஸ். பூட்டி என்பது வெட்சூட்டோடு போடும் நியோப்ரீன் காலணி. தக்கீஸ் என்பது இந்த ஊர்ப் பேச்சில் கான்வாஸ் விளையாட்டுக் காலணி.

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். கேப் டவுனில் கரையிலிருந்து பாறை வழியாக இறங்கப்போகிறீர்கள் என்றால் இருவருமே ராக் பூட்ஸ் வாங்குங்கள். படகிலிருந்து மட்டும்தான் இறங்குவீர்கள் என்றால் கணுக்கால் மூடும் கான்வாஸ் தக்கீஸ் நன்றாகவே வேலை செய்யும். பழைய பூட்டியைப் பெரும்பாலும் மறந்துவிடலாம். ஆனால் எதை வாங்கினாலும் கடைசியாக வாங்குங்கள். உள்ளே போடும் கம்பளிச் சாக்ஸ் எது, காலில் மாட்டி நீந்தும் துடுப்பான ஃபின் எது என்று முடிவானபிறகுதான் நடுவில் வரும் காலணியின் அளவே உங்களுக்குத் தெரியும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான பூட்ஸ் ஒன்றை இணையத்தில் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பிறகு அது ஃபினுக்குள் நுழைவதில்லை, அல்லது கால் விரல் மரத்துப்போகிறது.

காலணி செய்ய வேண்டிய வேலையில் ஒன்று எல்லோருக்கும் தெரியும்: சாக்ஸ் ஓட்டையாகாமல் காப்பது. டர்பன் பக்கத்து மணல் கடற்கரையிலிருந்து வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேலை என்று உடனே புரியாது. இங்கே ஏ-ஃப்ரேம், விண்ட்மில் பீச், அவுடெக்ரால் என்று எந்த டைவ் இடத்துக்குப் போனாலும் கிரானைட் பாறை. அதில் கொட்டலசும் மட்டியும் கத்தி முனையாக ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீருக்குள் பாறை முழுக்கக் கேப் கடல் முள்ளெலி கம்பளம் விரித்தது மாதிரி கிடக்கும். அதன் முள் குட்டைதான், ஆனால் லேடெக்ஸ் சாக்ஸுக்கு அது போதும். இன்னொன்றையும் யோசியுங்கள்: சிலிண்டர், மூழ்குவதற்காகக் கட்டும் ஈயம், சூட் எல்லாம் சேர்த்து உங்கள் முதுகிலும் இடுப்பிலும் 30 கிலோவுக்கு மேல் ஏறியிருக்கும். அந்தச் சுமையோடு ஈரப் பாறையில் ஒரு காலைத் தவறாக வைத்தால் சாக்ஸ் மட்டும் கிழியாது, கணுக்காலும் போகும்.

இரண்டாவது வேலையைப் பலர் யோசிப்பதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். ட்ரைசூட்டுக்குள் இருப்பது காற்று. காற்று எப்போதும் உயரமான இடத்துக்கு ஓடும். நீங்கள் தலை கீழாகச் சாய்ந்து ஒரு பாறை இடுக்கில் ஷைஷார்க் என்ற சின்னச் சுறா இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தால், சூட்டில் உள்ள காற்று கால் பக்கம் ஏறும். சாக்ஸ் தொளதொளவென்று இருந்து அதைச் சுற்றி இறுக்கமாக எதுவும் இல்லையென்றால் பாதம் பலூனாக உப்பும். ஒரு லிட்டர் காற்று கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தூக்கும். இரண்டு காலிலும் சேர்ந்து ஒன்றிரண்டு லிட்டர் போய்விட்டால் கால் மேலே, தலை கீழே என்று தொங்குவீர்கள். காற்றை வெளியேற்றும் வால்வு பெரும்பாலான சூட்டில் இடது மேல்கையில் இருக்கிறது. அந்த நிலையில் அது காற்றுக்குக் கீழே இருப்பதால் திறந்தாலும் வெளியேறாது. மேலே போகப் போக அழுத்தம் குறைந்து காற்று இன்னும் விரியும். கால் முதலில் மேலே போகும் கட்டுப்பாடற்ற ஏற்றம் இப்படித்தான் தொடங்குகிறது. உடம்பைப் பந்துபோல் சுருட்டி உருண்டு நிமிர்வதை ட்ரைசூட் வகுப்பில் கட்டாயம் சொல்லித்தருவார்கள். அதைக் கற்காமல் இந்தச் சூட்டோடு ஆழத்துக்குப் போகவே போகாதீர்கள்.

நல்ல காலணி இந்தக் காற்றுக்கு இடமே கொடுக்காது. கயிறு கட்டிய, நீளாத துணியால் ஆன பூட்ஸுக்குள் சாக்ஸ் விரிய வழியில்லை. சூட்டோடு ஒட்டிவரும் ரப்பர் பூட்ஸை விட சாக்ஸும் தனி பூட்ஸும் எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். ஒட்டிய பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக அமைந்துவிட்டால் கால் அதற்குள் வழுக்கும், காற்று நிறைந்தால் குதிகால் மேலே எழும்பி ஃபின்னின் பிடியே போய்விடும். அதை இறுக்க வழியில்லை. தனி பூட்ஸ் என்றால் கயிறு உங்கள் கையில்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. இறுக்கம் நல்லது என்று கேட்டதும் சிலர் கணுக்காலை மூச்சுத் திணறக் கட்டுகிறார்கள். இது இரண்டு விதத்தில் காலைக் குளிர வைக்கும். ஒன்று, ரத்த ஓட்டம் குறையும். இன்னொன்று, சூட்டில் நீங்கள் விடும் காற்று பாதம்வரை போகாது. ஆழம் போகும்போது பாதத்தில் இருந்த காற்று அழுந்தும், அதற்குப் பதில் புதுக் காற்று வராது, கம்பளிச் சாக்ஸ் அப்பளமாக நசுங்கும். கம்பளி உங்களைச் சூடாக வைப்பதே அதன் இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றால்தான். அது போனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாக்ஸும் பயனில்லை. அட்லாண்டிக் பக்கம் கோடையில் தென்கிழக்குக் காற்று அடித்தால் ஆழத்துத் தண்ணீர் மேலே வந்து 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். அந்தத் தண்ணீரில் விரல் மரத்தால் டைவ் அத்தோடு முடிந்தது. பாதத்தின் மேற்பகுதியிலும் கணுக்காலிலும் உறுதியாகப் பிடிக்க வேண்டும், விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். கட்டியபிறகு கணுக்கால் பக்கம் ஒரு கைவிரல் சிரமப்பட்டு நுழைந்தால் அது சரியான இறுக்கம்.

சரி, வாங்கும் வரிசைக்கு வருவோம். முதலில் உள் சாக்ஸ். தடித்த மெரினோ கம்பளி ஒன்று போதும் என்பவர்களும் உண்டு. வியர்வையை இழுக்க மெல்லியது ஒன்று, அதன் மேல் தடித்தது ஒன்று என்று போடுபவர்களும் உண்டு. கேப் டவுனின் இன்னொரு பக்கம் இருக்கும் ஃபால்ஸ் பே வளைகுடாவில் குளிர்காலத்தில் தண்ணீர் 12 முதல் 15 டிகிரி இருக்கும், கோடையில் 20 வரைகூட ஏறும். அங்கே ஒன்று போதும். அட்லாண்டிக் பக்கம் அடிக்கடி போவதாக இருந்தால் இரண்டுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். பருத்திச் சாக்ஸ் மட்டும் வேண்டாம். வியர்த்தாலே ஈரமாகி அப்படியே குளிர்ந்துபோகும். நீங்கள் அணியப்போகும் மிகத் தடித்த சேர்க்கையை வைத்துத்தான் பூட்ஸ் அளவு பார்க்க வேண்டும்.

அடுத்தது ஃபின். டர்பனில் நீங்கள் பூட்டியோடு போட்ட ஃபின் இங்கே பெரும்பாலும் நுழையாது. ராக் பூட்ஸின் மூக்குப் பகுதி அகலம், உயரமும் அதிகம். ட்ரைசூட்டுக்கு மாறுபவர்கள் பெரும்பாலும் ஃபினும் மாற்ற வேண்டியிருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பூட்ஸ் விலையைப் பார்த்துத் தலை சுற்றும் நேரத்தில் இதையும் கணக்கில் சேர்ப்பது நல்லது. 1960-களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் ஸ்கூபாப்ரோ ஜெட் ஃபின்னை ட்ரைசூட் ஆட்கள் இன்றும் விரும்புவதற்குக் காரணங்கள் இரண்டு: கால் நுழையும் பை பெரிது, ரப்பர் கனமாக இருப்பதால் தண்ணீரில் மூழ்கும். மிதக்கப் பார்க்கும் காலை அந்தக் கனம் கொஞ்சம் கீழே இழுத்துப் பிடிக்கும். அதே வடிவத்தில் வேறு நிறுவனங்களும் இப்போது செய்கின்றன. பிளாஸ்டிக் ஃபின் இலேசு, பயணத்துக்கு நல்லது, ஆனால் ட்ரைசூட்டில் கால் மேலே போவதை அது தடுக்காது.

பூட்ஸ் கடைக்குப் போகும்போது ஃபின்னைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பூட்ஸை மட்டும் பைக்குள் நுழைத்துப் பார்த்தால் போதாது. உள் சாக்ஸ், சூட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு நுழைக்க வேண்டும். பையின் மேல் விளிம்பு பாதத்தின் மேல் வளைவு வரை வர வேண்டும். பாதி பாதத்தில் நின்றுவிட்டால் ஒவ்வொரு உதையிலும் ஃபின் ஆடும், கெண்டைக்கால் பிடிக்கும். ரொம்பத் தொளதொளப்பாக இருந்தாலும் அதே கதை. ஸ்ட்ராப்பைப் பொறுத்தவரை ஸ்பிரிங் ஸ்ட்ராப் வாங்குங்கள். தடித்த கையுறை போட்ட விரலால் பக்கிளைத் தேடி இறுக்குவது இந்தக் குளிரில் கொடுமை. தவிர, பக்கிளில் கெல்ப் என்ற பெரிய கடற்பாசி மாட்டும்.

உங்கள் மனைவி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ராக் பூட்ஸ் பெரும்பாலும் ஆண்களின் அளவில்தான் செய்யப்படுகிறது. தென்னாப்பிரிக்காவில் நாம் பயன்படுத்துவது பிரிட்டிஷ் நம்பர். அமெரிக்க நிறுவனத்தின் பூட்ஸில் எழுதியிருப்பது அமெரிக்க நம்பர். உங்கள் 8, அங்கே ஆண்கள் அளவில் 9, ஐரோப்பாவில் சுமார் 42. அவருடைய 4, அமெரிக்க ஆண்கள் அளவில் சுமார் 5 வரும், ஐரோப்பிய அளவில் 37. உள் சாக்ஸும் சூட் சாக்ஸும் சேர்ந்தால் வழக்கமான அளவிலிருந்து ஒன்று அல்லது இரண்டு ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆக அவருக்கு நிறுவனத்தின் மிகச் சிறிய அளவே பொருந்தலாம், அதுவும் பெரிதாக இருக்கலாம். கிடைக்கவில்லையென்றால் பெரிய ராக் பூட்ஸை வாங்கித் துணி அடைத்துச் சமாளிக்க வேண்டாம். சிறுவர் அளவுவரை கிடைக்கும் கான்வாஸ் உயரத் தக்கீஸ் அவருக்கு உண்மையிலேயே நல்ல தீர்வு. சிறிய பாதத்துக்கு அது குறுகலாக அமைவதால் நடுத்தர அளவு ஃபினிலேயே நுழையும். பெரிய பை உள்ள கனமான ஃபின்னை அவர் காலில் மாட்டினால் உதைக்கவே தெம்பு போதாது. சூட் சாக்ஸின் அளவையும் அவருக்குச் சரிபாருங்கள். சூட் உடம்புக்கு எடுத்த அளவில் சாக்ஸ் மட்டும் இரண்டு நம்பர் பெரிதாக வருவது சாதாரணம். அப்படி இருந்தால் காலணியில் சரிக்கட்டப் பார்க்காமல், சூட் விற்றவரிடம் சாக்ஸை மாற்றித் தரச் சொல்லுங்கள். சாக்ஸ் மாற்றுவது ட்ரைசூட் பழுதுபார்ப்பவர்களுக்குப் பழகிய வேலை.

இனி அடிப்பாகம். ஈரக் கிரானைட்டில் பாசி படிந்திருக்கும். எந்த ரப்பரும் அதில் முழுசாகப் பிடிக்காது. ஆனால் மென்மையான, ஆழமற்ற வரிகள் கொண்ட ரப்பர் ஓரளவு பிடிக்கும். மலையேறும் பூட்ஸில் இருக்கும் ஆழமான பற்கள் மண்ணுக்கு நல்லவை, ஃபின் பைக்குள் மாட்டிக்கொள்ளும். அடிப்பாகம் கல்லைத் தாங்கும் அளவுக்கு உறுதியாகவும் ஃபினுக்குள் போகும் அளவுக்கு மெலிதாகவும் இருக்க வேண்டும். கடையில் அதை இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். விரல் அடியில் வளைய வேண்டும், நடுப்பாதத்தில் வளையக் கூடாது. ஓட்டப் பந்தயக் காலணியின் தடித்த நுரை அடிப்பாகம் கூடவே கூடாது. அது மூடிய குமிழிகள் நிறைந்த நுரை. தண்ணீரில் மிதக்கும். நீங்கள் கீழே இழுக்கப் பார்க்கும் அதே காலை அது மேலே தள்ளும்.

குதிகாலின் பின்புறம் ஒரு சின்ன விளிம்பு இருக்கிறதா பாருங்கள். பல ராக் பூட்ஸில் அது இருக்கும். ஃபின் ஸ்ட்ராப் அதன் மேல் உட்காரும், கீழே வழுக்காது. தக்கீஸில் இது இல்லாததால் ஸ்ட்ராப் சில நேரம் நழுவும். ஸ்பிரிங் ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் இறுக்கமான நீளத்தில் எடுத்தால் பிரச்சினை பெரும்பாலும் தீரும்.

கயிறு பற்றிக் கேப் கடலுக்கென்றே சொல்ல வேண்டியது உண்டு. இங்கே நீங்கள் இறங்குவது கடல் மூங்கில் காட்டுக்குள். அந்தக் கெல்ப் தண்டு பத்து மீட்டருக்கு மேலும் வளரும். அலை ஆட்டும்போது நீங்கள் அதனூடே நகர்வீர்கள். தொங்கும் எதையும் அது பிடிக்கும். முயல்காது மாதிரி இரண்டு வளையம் தொங்கும் லேஸ் முடிச்சு அதற்கென்றே வைத்த பொறி. பல ராக் பூட்ஸில் கயிறுக்கு மேல் வெல்க்ரோ பட்டை வந்து மூடும். தக்கீஸ் போடுபவர்கள் லேஸை எடுத்துவிட்டு மெல்லிய எலாஸ்டிக் கயிறு கோர்த்து, அழுத்தினால் நகரும் பிளாஸ்டிக் பூட்டு ஒன்றைப் போட்டு, மிச்ச நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். குளிரில் மரத்த கையால் முடிச்சவிழ்க்கும் வேலையும் இல்லை. பக்கவாட்டில் ஜிப் வைத்த பூட்ஸ் வாங்கினால் பிளாஸ்டிக் ஜிப்பா என்று பாருங்கள். உலோக ஜிப் உப்பில் இறுகிவிடும். கயிறு கோர்க்கும் துளை வளையங்கள் பித்தளை என்றால் பச்சை பூத்தாலும் தாங்கும், இரும்பு என்றால் சில மாதத்தில் துருப்பிடித்து விளிம்பு கூராகும், உள்ளே இருக்கும் சாக்ஸை அறுக்கும்.

உங்கள் பழைய பூட்டிக்கு வருகிறேன். அது வெறும் காலுக்கு எடுத்த 8. உள்ளே கம்பளியும் சூட் சாக்ஸும் போட்டு அதில் நுழைத்தால் விரல் நெருங்கும். நியோப்ரீன் நீளும் என்பதால் கால் எப்படியோ உள்ளே போய்விடும், அதுதான் ஏமாற்று. இரத்த ஓட்டம் குறைவது பத்து நிமிடம் கழித்துத்தான் தெரியும். இரண்டு நம்பர் பெரிய, கெட்டி அடிப்பாகம் உள்ள புதுப் பூட்டி வாங்கலாமா என்றால் வாங்கலாம். ஆனால் 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் தானே மிதக்கும், ஆழத்தில் நசுங்கித் தொளதொளப்பாகும், சாக்ஸ் விரிவதைக் கான்வாஸ் அளவுக்குத் தடுக்காது. சைமன்ஸ் டவுன் லாங் பீச்சில் மணலில் இறங்கிப் பழக அது போதும். ஏ-ஃப்ரேம் பாறைக்குப் போதாது.

தக்கீஸைக் கேவலமாகப் பார்ப்பவர்கள் உண்டு. உலகெங்கும் குகை டைவர்கள் வருடக்கணக்காக ட்ரைசூட் சாக்ஸுக்கு மேல் கான்வெர்ஸ் மாதிரியான உயரக் கான்வாஸ் காலணிகளைப் போட்டு வருகிறார்கள். தட்டையான மெல்லிய அடி, நீளாத துணி, விரலுக்கு ரப்பர் மூக்கு, உட்புறம் தண்ணீர் வடிய இரண்டு துளை, குறைந்த விலை: குறை சொல்ல அதிகம் இல்லை. உள்ளே இருக்கும் நுரைத் தகட்டை மட்டும் பிடுங்கி எறியுங்கள். அது தண்ணீரைக் குடிக்கும், காலுக்கு இடமும் குறைக்கும். குறை எங்கே என்றால், பாசிப் பாறையில் அந்த அடி வழுக்கும், கூரான கல் பாதத்தில் உணரும், கணுக்காலுக்குத் தாங்கலே இல்லை. பருத்திக் கான்வாஸ் உப்பில் நைந்து தையல் விடும். மலிவு என்பதால் மாற்றிக்கொள்ளலாம். முகவரி தெரியாத பெயர்களில் வரும் மலிவுப் பூட்ஸை விட நல்ல தக்கீஸ் ஒரு ஜோடி மேல்.

வேலைப் பூட்ஸ், ராணுவப் பூட்ஸ், மலையேற்றப் பூட்ஸ் என்று வீட்டில் கிடப்பதை எல்லாம் எடுத்துவந்து கேட்பார்கள். தோல் எதுவுமே வேண்டாம், ஊறிக் காய்ந்து விறைத்துவிடும். இரும்பு மூக்கு துருப்பிடிக்கும். முக்கியமாக, இவற்றில் கணுக்கால் முன்னால் நீளாது. உதைக்கும்போது பாதம் நடனக்காரியின் பாதம் போல் நேராக நீள வேண்டும், தவளை உதையில் பக்கவாட்டில் திரும்ப வேண்டும். கணுக்கால் பூட்டிய பூட்ஸில் நீங்கள் முழங்காலிலிருந்து உதைப்பீர்கள், வீணாகக் களைத்துக் காற்றைத் தீர்ப்பீர்கள். ராக் பூட்ஸையும் இதே விதத்தில் சோதியுங்கள். கடையில் உட்கார்ந்து காலை நீட்டிப் பாதத்தைக் கீழே மடக்குங்கள். முழுசாக வராவிட்டால் வேறு மாடல் கேளுங்கள். மேல் விளிம்பு கணுக்கால் எலும்புக்கு மேலே நான்கு விரல் வந்தால் தாராளம்.

உங்கள் சூட்டின் சாக்ஸ் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். அழுத்திய நியோப்ரீன் சாக்ஸ் தடிப்பு, உராய்வைத் தாங்கும், ஆனால் பூட்ஸில் அதிக இடம் கேட்கும். சூட் துணியாலேயே தைத்த சாக்ஸ் மெலிது, நீளாது, மடிப்பு விழும். லேடெக்ஸ் சாக்ஸ் காலோடு ஒட்டி நிற்கும், மடிப்பு குறைவு, ஆனால் ஒரு மணல் துகள் போதும் அதை நோகடிக்க. வெயிலிலும் எண்ணெயிலும் கெட்டுப்போகும். லேடெக்ஸ் என்றால் அதற்கு மேல், பூட்ஸுக்கு உள்ளே, ஒரு பழைய மெல்லிய சாக்ஸ் போடுங்கள். மணல் உராய்வை அது வாங்கிக்கொள்ளும்.

போடும் முறையைப் பலர் அவசரத்தில் கெடுக்கிறார்கள். சூட்டைப் போட்டதும் கார் நிறுத்துமிடத்துத் தாரில் சாக்ஸோடு நடக்காதீர்கள். கண்ணாடித் துண்டு அங்கேதான் கிடக்கும். ஒரு பாய் அல்லது காருக்குள் இருக்கும் ரப்பர் விரிப்பை எடுத்துப் போட்டு அதன் மேல் நில்லுங்கள். சாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் மணலைக் கையால் துடையுங்கள். பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுங்கள். குதிகாலைச் சாக்ஸின் குதிகாலில் சரியாக உட்காரவைத்து, மிச்சத் துணியை மேலே இழுத்து, கணுக்காலின் வெளிப்பக்கம் புடவைக் கொசுவம் போல் தட்டையாக மடித்து, அதன் மேல் பூட்ஸைக் கட்டுங்கள். பாதத்துக்கு அடியில் மடிப்பு சிக்கினால் ஆழத்தில் அழுத்தம் கூடும்போது அது தோலில் கோடாகப் பதியும், வலிக்கும். கட்டுவதற்கு முன் கழுத்தைக் கொஞ்சம் திறந்து, குந்தி உட்கார்ந்து காற்றை வெளியேற்றிவிடுங்கள். காற்று நிறைந்த காலில் கட்டினால் தண்ணீருக்குள் போனதும் கட்டு தளர்ந்துவிடும்.

முதல் சோதனை நீச்சல்குளத்திலோ லாங் பீச்சிலோ நடக்கட்டும். ஐந்தாறு மீட்டரில் தட்டையாக மிதந்து, அசையாமல் நில்லுங்கள். கால் தானாக மேலே எழுகிறதா, கீழே இறங்குகிறதா என்று கூட வருபவர் பார்க்கட்டும். எழுந்தால் உடனே கணுக்கால் ஈயம் வாங்க ஓடாதீர்கள். முதலில் கட்டை இறுக்குங்கள், சூட்டில் காற்று அதிகம் இருக்கிறதா பாருங்கள், இடுப்பில் ஈயம் அதிகமா என்று பாருங்கள். ஈயம் அதிகமானால் அதை ஈடுகட்டச் சூட்டில் காற்று அதிகம் விடுவீர்கள், அந்தக் காற்றுதான் காலுக்கு ஓடும். பிறகு கனமான ஃபின். அதன் பிறகும் எழுந்தால் மட்டும் காலுக்கு அரைக் கிலோ வீதம் ஈயம். ஒவ்வொரு உதையிலும் அந்த ஈயத்தை நீங்கள்தான் ஆட்ட வேண்டும் என்பதால் அதை நான் கடைசிக்கு வைக்கிறேன்.

படகு டைவ் பற்றி ஒரு வார்த்தை. ஸ்மிட்ஸ்விங்கல் பேயில் 30 மீட்டருக்கும் கீழே கிடக்கும் கப்பல்களுக்கு நீங்கள் ரப்பர் டக் என்ற காற்றடைத்த விளிம்புப் படகில்தான் போவீர்கள். தரையில் கால் மாட்டும் பட்டை இருக்கும் படகு என்றால் உங்கள் புதுப் பூட்ஸ் அதில் எளிதாக நுழைந்து எளிதாக வெளியே வருகிறதா என்று கரையிலேயே பாருங்கள். டர்பனுக்குத் தெற்கே அலிவால் ஷோல் என்ற கடலடித் திட்டுக்கு உம்கோமாஸ் ஊரிலிருந்து படகில் அலையைக் கிழித்துப் போன அனுபவம் உங்களுக்கு உண்டு. அந்தப் பட்டையில் மாட்டிய கால் வராவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கத்து நண்பர்கள் உள்நாட்டு டைவ் இடங்களான பாஸ் லேக்கிலோ கோமாட்டி ஸ்பிரிங்ஸிலோ இறங்கும்போது இவ்வளவு பாறைப் பிரச்சினை இல்லை. அங்கே தொல்லை அடிச்சேறு. கால் தாழ்ந்தால் புழுதி கிளம்பி ஒன்றும் தெரியாது. தட்டையான அடியுள்ள தக்கீஸ் அங்கே நன்றாகப் பொருந்தும்.

டைவ் முடிந்ததும் பூட்ஸின் கயிற்றை முழுசாகத் தளர்த்தி நாக்கை வெளியே இழுத்து, நல்ல தண்ணீரில் உள்ளேயும் அலசுங்கள். 2018 வறட்சியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று இருந்த காலத்தில் இந்த ஊர் டைவர்கள் ஒரு வாளியில் எல்லாவற்றையும் அலசப் பழகினார்கள். முதலில் மூச்சுக் கருவியான ரெகுலேட்டர், பிறகு முகமூடி, கடைசியில் பூட்ஸ் என்ற வரிசையில் இன்றும் ஒரு வாளி போதும். மணல் உள்ள பூட்ஸை முதலில் போட்டால் எல்லாம் மணலாகும். நிழலில், வாய் திறந்தபடி காயவையுங்கள். சூட் சாக்ஸை ஈரப் பூட்ஸுக்குள் விட்டுவைக்காதீர்கள்.

கால் ஈரமாக வந்தால் அது வியர்வையா கசிவா என்று பார்க்கும் வழி எளிது. வியர்வை என்றால் இரண்டு காலும் ஒரே மாதிரி ஈரமாகும், பிழியும் அளவுக்கு நனையாது. சந்தேகம் என்றால் சாக்ஸின் வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, கணுக்கால்வரை உள்ளே தண்ணீர் ஊற்றி, மேலே முறுக்கிப் பிடித்து மெதுவாக அழுத்துங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் சொட்டு துளிர்க்கும். பால்பாயிண்ட் பேனாவால் வட்டம் போடுங்கள். அது பெரும்பாலும் பெருவிரல் நுனியிலோ குதிகாலிலோ, பூட்ஸின் உள் தையல் உரசும் இடத்திலோ இருக்கும். துணிச் சாக்ஸ் என்றால் நன்றாகக் காய்ந்தபின் உட்புறம் அக்வாஷ்யூர் பசையை மெல்லியதாகத் தடவி ஒரு இரவு விடுங்கள். லேடெக்ஸுக்கு லேடெக்ஸ் ஒட்டு தான் வேண்டும், வேறு பசை பிடிக்காது. பிறகு பூட்ஸுக்குள் கையை விட்டு அதே இடத்தைத் தடவிப் பாருங்கள். உரசும் தையலைக் கத்தரித்துச் சமன் செய்யாமல் ஓட்டையை மட்டும் அடைத்தால், அதே இடத்தில் மறுபடி கிழியும்.